குட்பை முதல் கொரண்டம் வரை: ஆங்கிலச் சொற்களின் பிறப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் மொழிபெயர்ப்பதும் என் வேலை. வகுப்பு முடிந்து புத்தகத்தை மூடும் நேரத்தில் யாராவது ஒருவர் "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்று வந்து நிற்பார். இலக்கணச் சந்தேகமாக இருக்காது. ஏதாவது ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதாக இருக்கும். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை, அதனால் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

குட்மார்னிங்ல மார்னிங்னா காலை. குட்பையில பைன்னா என்ன?

அந்தப் 'பை'க்குத் தனியாக அர்த்தம் இல்லை. விடைபெறும்போது 'காட் பி வித் யீ', அதாவது 'கடவுள் உங்களோடு இருக்கட்டும்' என்று வாழ்த்துவார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசிக்குள் அது வாயில் தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டது. 'காட்' எப்படிக் 'குட்' ஆயிற்று என்றால், பக்கத்திலேயே குட் டே, குட் ஈவ்னிங் எல்லாம் இருந்தன. அவற்றின் சாயல் இதிலும் ஒட்டிக்கொண்டது. நாமும் 'போய்விட்டு வருகிறேன்' என்பதை 'வரட்டா' என்று சுருக்கிவிட்டோம். போகிறவர் வருவதாகச் சொல்கிறார், கேட்பவருக்கு ஒரு குழப்பமும் இல்லை.

ஹலோ என்பது கிரஹாம் பெல்லோட காதலி பேர்னு ஃபார்வர்ட் வந்துச்சே, நிஜமா?

இல்லை. பெல் காதலித்து 1877இல் மணந்த பெண்ணின் பெயர் மேபல் ஹப்பர்ட். தொலைபேசியை எடுத்ததும் பெல் சொல்ல விரும்பிய சொல்லும் ஹலோ அல்ல. கப்பல்காரர்கள் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும் 'அஹாய்' என்ற சொல்லைத்தான் அவர் விரும்பினார்.

ஹலோவை முன்வைத்தவர் எடிசன். அழைப்பு மணி தேவைப்படாது, ஹலோ என்றாலே பத்து இருபது அடி தூரத்துக்குக் கேட்கும் என்று 1877 ஆகஸ்டில் ஒரு கடிதத்தில் எழுதினார். சொல்லை அவரும் உருவாக்கவில்லை. தொலைபேசி வருவதற்குப் பல வருடம் முன்பே அது அமெரிக்க அச்சில் இருந்தது.

ஓகேவுக்கு ஃபுல் ஃபார்ம் என்ன? போர்க்களத்தில் 'ஜீரோ கில்ட்'னு எழுதினதா?

1830களின் கடைசியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு தொடரை வேண்டுமென்றே தப்பான எழுத்துக்கூட்டில் எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் போடுவார்கள். 'ஆல் கரெக்ட்' என்பதை ஓவிலும் கேயிலும் தொடங்குகிற மாதிரி எழுதிச் சுருக்கியதுதான் ஓகே. 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்டில் அது அச்சாகியிருக்கிறது.

அதோடு பிறந்த மற்ற சுருக்கங்கள் மறைந்துவிட்டன. ஓகேவைத் தூக்கிவிட்டது ஒரு தேர்தல். 1840இல் ஜனாதிபதி பதவிக்கு மறுபடி நின்ற மார்ட்டின் வான் பியூரனின் ஊர் கிண்டர்ஹுக். 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்ற அவர் பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் ஓ, கே. ஆதரவாளர்கள் ஓகே கிளப் தொடங்கினார்கள். அவர் தோற்றுப்போனார், ஆனால் அதற்குள் ஓகே நாடு முழுக்கப் பரவியிருந்தது. ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, 1960களில் இதையெல்லாம் நிறுவினார். போர்க்களக் கதைக்கு அப்படி ஒரு தாள்கூடக் கிடையாது.

நைஸ்னா முட்டாள்னு அர்த்தமாமே?

ஒரு காலத்தில் ஆமாம். 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'அறியாதவன்' என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, 1300 வாக்கில், நைஸ் என்றால் மூடத்தனம். அப்புறம் கூச்சம், அதிலிருந்து எதிலும் குறை பார்க்கும் சுபாவம், அதிலிருந்து நுட்பம், துல்லியம். 18ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய 'இனிமையான' என்ற பொருள் நிலைத்தது. ஒவ்வோர் அடியும் சிறியது, நடந்து முடித்த தூரம்தான் பெரியது.

தமிழுக்குள் வந்த பிறகும் அது சும்மா இருக்கவில்லை. 'மாவை நைஸாக அரை' என்கிறோம், அங்கே மென்மை. 'நைஸாக நழுவிவிட்டான்' என்கிறோம், அங்கே தந்திரம். ஆங்கிலேயர் ஒருவரிடம் இந்த இரண்டாவது நைஸைச் சொன்னால் அவருக்குப் புரியாது. இது நாம் வளர்த்த நைஸ்.

சில்லியும் அதே மாதிரியா?

எதிர்த்திசையில். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு 'பாக்கியம் பெற்ற' என்று பொருள். பாக்கியவான், அப்பாவி, பாவப்பட்டவன், விவரம் இல்லாதவன், அசடு என்று படிப்படியாக இறங்கிவிட்டது.

சாலரி என்றால் உப்பு. ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பைத்தானே சம்பளமாகக் கொடுத்தார்கள்?

பாதி சரி. 'சலாரியும்' என்ற லத்தீன் சொல், உப்பைக் குறிக்கும் 'சால்' என்பதிலிருந்து வந்தது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வீரர்களுக்கு உப்பை அளந்து கூலியாகக் கொடுத்ததாகச் சொல்லும் பழைய ரோமானிய எழுத்து எதுவும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது காசு, அதற்கு 'ஸ்டிபெண்டியும்' என்று வேறு பெயர். இன்று உதவித்தொகையை ஸ்டைபெண்ட் என்கிறோமே, அதன் மூலம் அதுதான்.

நம் 'சம்பளம்' என்ற சொல்லையும் சம்பா நெல், அளம் என்ற உப்பு எனப் பிரித்து விளக்குகிறவர்கள் உண்டு. அதற்கும் இதே கேள்விதான்: பழைய எழுத்தில் அது எங்கே இருக்கிறது?

நியூஸ்னா நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத்தானே? ஸ்கூல்லயே சொல்லிக்கொடுத்தாங்களே!

எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தவறு. 'புதியது' என்பது நியூ, 'புதியவை' என்பது நியூஸ், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் 'புதியவை' என்ற பன்மையைச் செய்திக்கு வைத்திருந்தார்கள், அதைப் பார்த்து ஆங்கிலமும் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்துக்கொண்டது.

இதே வகையில் இன்னும் இரண்டு. 'டிப்' என்பது சீக்கிரம் கவனிப்பதற்கான தொகை என்ற தொடரின் சுருக்கம் என்பார்கள். 'போஷ்' என்பது, இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை, அதாவது வெயில் படாத பக்கம், என்று பணக்காரர்களின் டிக்கெட்டில் அச்சிட்ட நான்கு எழுத்து என்பார்கள். அப்படி ஒரு டிக்கெட் கிடைக்கவே இல்லை. போஷ் என்ற சொல் முதல் உலகப் போர்க் காலத்திலேயே அச்சில் இருக்கிறது, கப்பல் கதை 1930களில்தான் தலைகாட்டுகிறது.

முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக உச்சரிப்பது 20ஆம் நூற்றாண்டில் பெருகிய வழக்கம். ரேடார், லேசர் இரண்டும் உண்மையாகவே அப்படிப் பிறந்தவை. அதற்கு முந்தைய நூற்றாண்டுச் சொல்லுக்கு யாராவது ஃபுல் ஃபார்ம் சொன்னால் நான் உடனே சந்தேகப்படுவேன். ஓகே ஓர் அபூர்வ விதிவிலக்கு, அதிலும் ஓ, கே என்று எழுத்தெழுத்தாகத்தான் சொல்கிறோம்.

விண்டோவில் 'விண்ட்' இருக்கே, காற்றுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'விண்டவுகா' என்றால் 'காற்றின் கண்'. கண்ணாடி இல்லாத வீடு, சுவரிலோ கூரையிலோ ஒரு திறப்பு, அது வழியாகக் காற்று உள்ளே பார்க்கிறது. அதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்த சொல்லின் பொருள் 'கண் துளை'. வந்தேறிய கண் உள்ளூர்க் கண்ணை வெளியே தள்ளிவிட்டது.

தமிழில் ஜன்னலுக்கு 'காலதர்' என்று ஒரு பழைய சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' வருகிறது, மானின் கண்போல் செய்த ஜன்னல். அங்கேயும் காற்று இருக்கிறது, கண் இருக்கிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலே இதைப் பார்த்திருக்கின்றன. நாம் இன்று புழங்கும் 'ஜன்னல்' போர்ச்சுகீசியர் கொடுத்தது.

ப்யூபில்னா ஸ்டூடண்ட்டா, கண்மணியா? ரெண்டுக்கும் ஒரே சொல் எப்படி?

லத்தீனில் 'பூப்பா' என்றால் சிறுமி, பொம்மை என்றும் பொருள். அதிலிருந்து பெற்றோர் இல்லாமல் காப்பாளரிடம் வளரும் குழந்தைக்கு ஒரு சொல் வந்தது. அதுதான் பிறகு ஆசிரியரின் பொறுப்பில் இருக்கும் மாணவர் ஆயிற்று.

கண் எப்படி வந்தது? நல்ல வெளிச்சத்தில் யாராவது ஒருவரின் கண்ணுக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கருமணிக்குள் அரிசி அளவுகூட இல்லாத ஒரு பொம்மை நிற்கும். தலை, தோள், பின்னால் ஒரு துண்டு வெளிச்சம் எல்லாம் தெரியும். அது நீங்கள்தான். ரோமானியர்கள் அதைப் பார்த்துக் 'குட்டிப் பொம்மை' என்று பெயரிட்டார்கள். நம் முன்னோர் அதையே பார்த்துப் 'பாவை' என்றார்கள். திருக்குறளில் காதலன் தன் கண்ணின் பாவையிடமே, 'நீ போய்விடு, நான் விரும்புகிறவள் இருக்க இடம் போதவில்லை' என்கிறான். இந்த ஒரு சொல்லை நடத்தும்போது வகுப்பில் எல்லாரும் பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கடனுக்கு 'டெட்'னு சொல்றோம், நடுவில் பி எழுத்து எதுக்கு? உச்சரிக்கவே இல்லையே!

அந்தப் பியை ஆங்கிலத்தில் யாருமே உச்சரித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது சொல்லில் பி கிடையாது. பிற்காலத்தில் படித்தவர்கள், இதன் லத்தீன் மூலமான 'டெபிடும்' என்பதில் பி இருக்கிறதே என்று எழுத்தில் மட்டும் கொண்டுவந்து செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் 'டவுட்' சொல்லிலும் அப்படியே.

'ஐலண்ட்' இன்னும் பாவம். அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல், எஸ் எழுத்துக்கு அதில் வேலையே இல்லை. 'ஐல்' என்ற வேறொரு பிரெஞ்சு வழிச் சொல்லுக்கு உறவு என்று தப்பாக நினைத்து எஸ் போட்டுவிட்டார்கள். 'நைட்' என்ற போர்வீரன் கதை வேறு: அதன் தொடக்கத்தில் உள்ள கே ஒரு காலத்தில் ஒலித்தது, பிறகு வாயில் மறைந்து எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. ஆக, ஒலிக்காத எழுத்தில் இரண்டு வகை. ஒன்று செத்த ஒலியின் எலும்பு, மற்றொன்று வெளியிலிருந்து ஒட்டவைத்த எழுத்து.

ஏப்ரனுக்கும் நாப்கினுக்கும் உறவுன்னு சொன்னீங்க. எழுத்தே ஒத்துப்போகலையே?

ஏப்ரனின் பழைய பெயர் 'நேப்ரன்'. 'அ நேப்ரன்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'அன் ஏப்ரன்' என்று காதில் விழும். கேட்டவர்கள் தப்பான இடத்தில் வெட்ட, ந் கைமாறிவிட்டது. 'நிக்நேம்' இதற்கு நேர் எதிர். 'ஈக்' என்றால் கூடுதல், 'அன் ஈக்நேம்' என்றால் கூடுதலாக ஒரு பெயர். அங்கே ந் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

புணர்ச்சி இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தாமரை என்றால் பூ, தா மரை என்று பிரித்தால் தாவுகிற மான். நாம் சிலேடைக்காகப் பிரிக்கிறோம், அவர்கள் தெரியாமல் பிரித்தது அகராதியிலேயே நின்றுவிட்டது.

பாய்காட் நிஜமாவே ஒரு ஆளோட பேரா?

ஆமாம். சார்ல்ஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் ஒரு பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்ட முகவர். 1880இல் வாடகைத் தகராறில் குடியானவர்களை வெளியேற்றப் பார்த்தபோது, ஊரே அவரை ஒதுக்கியது. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர் சாமான் தரவில்லை. வெளியிலிருந்து ஐம்பது பேரைப் படைக் காவலோடு கொண்டுவந்துதான் அறுவடை முடிந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அவர் ஊரைவிட்டுப் போனார். பெயர் அதற்குள் வினைச்சொல்லாகிவிட்டது.

டெட்லைன்ல எதுக்கு 'டெட்'? யார் சாகிறாங்க?

கைதிகள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் மதிலுக்கு உட்புறமாகச் சில அடி தள்ளி ஒரு தாழ்ந்த கம்பு வேலி போட்டிருந்தார்கள். அதன் பெயர்தான் டெட் லைன். அதைத் தாண்டினாலோ தொட்டாலோகூடக் காவலர்கள் சுட்டுவிடலாம். அந்த முகாமில் ஏறக்குறைய 13,000 கைதிகள் இறந்தார்கள், பெரும்பாலும் நோயாலும் பட்டினியாலும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்கள் இதை நேர வரம்புக்கு எடுத்துக்கொண்டன. இந்தக் கதையைப் படித்த பிறகு, மாணவர்களின் வீட்டுப்பாடத்துக்கு நான் 'கடைசி நாள்' என்றுதான் சொல்கிறேன்.

செய்தித்தாளில் 'சிவப்பு நாடா'ன்னு எழுதுறாங்களே, அது என்ன நாடா?

நிஜமான நாடாதான். இங்கிலாந்தில் அரசு ஆவணங்களையும் வழக்குக் கட்டுகளையும் சிவப்பு நாடாவால் கட்டிவைப்பது வழக்கம். கட்டை அவிழ்க்காமல் எந்த வேலையும் நகராது, அதனால் 18ஆம் நூற்றாண்டிலேயே நாடா தாமதத்துக்குப் பெயராகிவிட்டது. அந்த ஊர் வழக்கறிஞர்களின் கட்டுகளில் இளஞ்சிவப்பு நாடாவை இன்றும் பார்க்கலாம்.

'ஸ்டீல் மை தண்டர்'னா இடியைத் திருடுறதா? இடியை எப்படித் திருடுவாங்க?

ஒருவர் உண்மையாகவே அப்படிப் புலம்பியதாகத்தான் பழைய பதிவு. ஜான் டென்னிஸ் என்ற நாடக ஆசிரியர் 1709இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் தன் நாடகத்துக்காக இடிச் சத்தம் உண்டாக்கப் புதிய உத்தி ஒன்றைச் செய்தார். நாடகம் ஓடவில்லை, எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அதே அரங்கில் மேக்பெத் பார்க்கப் போனவருக்குத் தன் இடி காதில் விழுந்தது. என் நாடகத்தை ஓடவிட மாட்டார்கள், என் இடியை மட்டும் திருடிக்கொள்வார்கள் என்று கொதித்தார். நாம் சொல்லவேண்டியதை இன்னொருவர் முந்திக்கொண்டு சொல்லிப் பெயர் வாங்கினால் இந்தத் தொடர் பொருந்தும்.

'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்': வைக்கோல் கூரையில் படுத்திருந்த நாய் பூனையெல்லாம் மழையில் வழுக்கி விழுந்ததாலதானே?

அந்தக் கூரைக் கதை 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்ற ஆரம்பித்தது. 1500களின் வாழ்க்கை என்று தலைப்புப் போட்டுப் பத்துப் பழமொழிகளுக்குக் கதை கட்டிய கடிதம் அது. கொஞ்சம் யோசித்தாலே தெரியும், மழை வந்தால் எந்தப் பூனையும் கூரைமேல் காத்திருக்காது. நாயும் பூனையும் மழையாகப் பெய்வது என்ற பேச்சு 17ஆம் நூற்றாண்டு எழுத்தில் இருக்கிறது, கூரை அதில் இல்லை.

மொழிபெயர்க்கும்போது நாயையும் பூனையையும் அங்கேயே விட்டுவிடுங்கள். 'மழை கொட்டித் தீர்த்தது', 'பேய்மழை' என்று நம்மிடம் இருக்கிறது. இடம்மாறி வந்து தமிழில் வேர்பிடித்த தொடர்களும் உண்டு, மேலே சொன்ன சிவப்பு நாடா மாதிரி. ஒரு சொல்கூட விளக்காமல் வாசகருக்குப் புரிந்தால் அது வேர்பிடித்துவிட்டது என்று பொருள்.

கம்ப்யூட்டர் 'பக்' உண்மையான பூச்சிதானே? மியூசியத்தில் போட்டோ பார்த்தேனே!

பூச்சி உண்மை, முடிவு தவறு. 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டின் மார்க் டூ கணினி. மாலை 3.45 மணிக்கு எழுதிய குறிப்பில், எஃப் பலகை, 70ஆம் எண் ரிலே என்று இடத்தையும் சொல்லி, செத்த விட்டில்பூச்சியையே டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில், 'பக் உண்மையிலேயே அகப்பட்ட முதல் சந்தர்ப்பம்' என்று ஒரு வரி. பக்கம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் இதைப் பல மேடைகளில் சொல்லிப் பிரபலமாக்கினார்.

அந்த 'உண்மையிலேயே' என்ற சொல்லைக் கவனியுங்கள். கோளாறை பக் என்று ஏற்கனவே அழைத்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் நிஜப் பூச்சி சிக்கியது வேடிக்கையாக இருந்திருக்கும். எடிசன் 1878 கடிதத்திலேயே தன் கருவிகளின் சின்னச் சின்னக் கோளாறுகளை பக் என்கிறார்.

அப்போ ஒரு சொல்லோட பழைய அர்த்தம்தான் சரியான அர்த்தம், இப்போ நாம சொல்றது தப்புன்னு ஆகுதா?

ஆகாது. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் 'நாற்றம்' என்ற சொல்லைத்தான் நான் எடுப்பேன். பழைய தமிழில் அது நறுமணம். இன்று ஒருவரிடம் 'உங்கள் பூவின் நாற்றம் அருமை' என்றால் என்ன ஆகும்? நைஸும் சில்லியும் அதே மாதிரிதான். இன்றைய பொருளை இன்று பேசுகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். பழைய பொருள் தெரிந்தால் பழைய எழுத்தைச் சரியாகப் படிக்கலாம், அது பெரிய லாபம். அடுத்தவர் பேச்சைத் திருத்த அது உரிமை தராது.

ஒரு கதை நிஜமா கட்டுக்கதையானு நாங்களே எப்படிப் பார்க்கிறது?

தேதியைப் பாருங்கள். சொல் முதலில் எழுத்தில் வந்தது எப்போது, கதை முதலில் வந்தது எப்போது? போஷ், பக் இரண்டையும் இந்த ஒரு கேள்விதான் தீர்த்துவைத்தது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இதற்காகவே உழைத்தது: முதல் பகுதி 1884இல் வந்தது, முழுதாக முடிந்தது 1928இல். ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான வாசகர்கள் தாங்கள் படித்த புத்தகங்களிலிருந்து வரிகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். அதனால்தான் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு சான்று காட்ட முடிகிறது.

கடைசியா ஒண்ணு. கேஷ் நம்ம 'காசு'தானே?

இங்கே இரண்டு கேஷ் இருக்கின்றன. ஆசியாவின் சில்லறை நாணயங்களை ஐரோப்பிய வணிகர்கள் 'கேஷ்' என்று எழுதினார்களே, அது நம் காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. இன்று கையில் கொடுக்கும் பணமான கேஷ், பிரெஞ்சில் பெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பணப்பெட்டி, பிறகு அதில் உள்ள பணம். ஒலி ஒன்றாக இருப்பதால் உருவான குழப்பம், பெருமைக்காக அதை மறைக்கக் கூடாது.

நிச்சயமாக நம்முடையவை வேறு இருக்கின்றன. கட்டமரான் கட்டுமரம், சிரூட் சுருட்டு. வகுப்பில் யாருமே ஊகிக்காதது கொரண்டம், நம் 'குருந்தம்'. மாணிக்கமும் நீலமும் அந்த ஒரே கனிமத்தின் இரண்டு நிறங்கள். உப்புத்தாள் மாதிரித் தேய்ப்பதற்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள், கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படியில் அதன் பெயரைத்தான் கனிமவியல் அளவுகோலில் எழுதியிருக்கிறார்கள்.